சுண்ணக்கட்டிக் கோடுகள்

தக்வாரெம்போவில் ஆகஸ்ட் மழை.
முள்கம்பியில் மார்பைக் கிழித்துக்கொண்டு நின்றது
அன்செல்மோ பிதெகாயினின் பெட்டைக் குதிரை, லெச்சூசா.
தடுப்பூசி போட்டிருக்கிறதா என்றேன்.
"விற்றவனைக் கேளுங்கள்" என்றார்.
போன மாதச் சந்தையில் வாங்கியதாம்.

என் குளிர்பெட்டியில்
மதியச் சாப்பாட்டோடு ஒட்டிக் கிடந்தது சீரம்:
எங்கோ ஒரு கொட்டிலில் ஏதோ ஒரு குதிரை
நஞ்சைச் சிறுகச் சிறுக வாங்கிப் பழகிய ரத்தத்தின்
மஞ்சள் தெளிவு.
கழுத்தின் இந்தப் பக்கம் அது,
அந்தப் பக்கம் தடுப்பூசி.

"எத்தனை நாள் தாங்கும்?"
"மூன்று வாரம்.
அதற்குள் இதுவே சொந்தமாகச் செய்யத் தொடங்கிவிடும்."
களஞ்சியக் கதவில்
சுண்ணக்கட்டியால் முதல் கோட்டை இழுத்தார்.

அன்று காலைதான் நாற்பது ஆட்டுக்குட்டிகளுக்கு
வாலில் ரப்பர் வளையம் மாட்டியிருந்தார்கள்.
வந்தது வந்தீர்கள், அவற்றுக்கும் போடுங்கள் என்றார்.
போட்டேன்.
"ஆட்டுக்கு இது வேற்று ரத்தம்,
சீக்கிரம் அடையாளம் கண்டு விரட்டிவிடும்.
பத்து நாள், மிஞ்சினால் பதினான்கு."
மாத்தே குழலை உறிஞ்சியபடி தலையாட்டினார்.
கதவில் கோடு ஒன்றுதான்.

சீரத்தின் கணக்கு எனக்குத் தெரியும்.
ரப்பரின் கணக்கைத்தான் நான் போடவில்லை.
வளையம் அவசரப்படாது.
வால் மரத்து, கறுத்து, காய்ந்து
மூன்றாம் வாரத்தில்தான் உதிரும்.
மண்ணில் காத்திருப்பதற்கு
அந்தச் செத்த சதை போதும்.

பத்தொன்பதாம் நாள் சுல்மா கூப்பிட்டாள்.
"ஒரு குட்டி
மரத்தில் செய்துவைத்தது மாதிரி நிற்கிறது."
பெருகிய ஓடையைச் சுற்றிக்கொண்டு போய்ச் சேர்வதற்குள்
ஐந்து.
தாடை பூட்டி, காது விறைத்து,
கதவு சாத்தும் சத்தத்துக்கே வில்லாய் வளைந்தன.
நரம்பைப் பிடித்துவிட்ட நஞ்சுக்கு
எந்தக் குதிரையின் பேச்சும் கேட்காது.
இருந்தாலும் குப்பிகளைக் காலி செய்தேன்.

வேலிக்கு அப்பால் லெச்சூசா
ஆறிவரும் புண்ணில் உட்கார்ந்த ஈயை
உதறி உதறி மேய்ந்துகொண்டிருந்தது.

அன்செல்மோ கதவைப் பார்த்தார்.
"இன்னும் இரண்டு கோடு பாக்கி" என்றார்.
திட்டுவார் என்று நின்றேன். திட்டவில்லை.
அடுத்த வருஷம் தாய் ஆடுகளுக்கு,
ஈனுவதற்கு ஒரு மாதம் முன்பே, தடுப்பூசி என்றேன்.
சீம்பாலில் இறங்கும் என்றேன்.
கொஞ்சம் அதிகமாகவே பேசினேன்.

ஐந்து குட்டிக்கு வாங்கிய ஊசிப் பணத்தை
நீட்டினேன்.
எண்ணிப் பார்த்தார்.
ஈர நோட்டுகளை
என் சட்டைப் பையிலேயே திணித்தார்.
"பத்து நாள் காத்ததல்லவா.
அதற்கு."