ஐந்தில் இரண்டு

சனிக்கிழமை, நான்கு மணி.
கௌனஸ் நகர நூலகத்தின் பின்னறையில்
வைதோதஸ் கையுறைகளைக் கழற்றி
ஹீட்டர்மேல் காயவைக்கிறார்.
டிராலிபஸ் ஓட்டுநர். வயது நாற்பத்தேழு.
பள்ளிக் கணக்குத் தாள் ஒன்று பாக்கி,
முப்பது வருடமாக.
எனக்கு இருபத்திரண்டு.
மணிக்குப் பத்து யூரோ.

முதல் மாதம் முழுக்க நான் கேட்டது ஒரே கேள்வி:
"புரிந்ததா?"
அவர் சொன்னதும் ஒரே பதில்:
"புரிந்தது."
இறங்கும் பயணி நன்றி சொன்னால் தலையசைப்பாரே,
அதே தலையசைப்பு.
நான் கேட்டது அவருக்காக அல்ல,
என் நிம்மதிக்கு.

இரண்டாம் மாதம் இன்னும் மோசம்.
"இங்கே என்ன வரும்? ஆறுதானே?
ஆறை இரண்டால் வகுத்தால்? மூ..."
"...ன்று" என்பார்.
கணக்கு முழுவதையும் நானே போட்டுவிட்டு
கடைசி எழுத்தை மட்டும் அவர் கையில் கொடுத்து
சபாஷ் என்றேன்.

ஒருநாள் அவரே சொன்னார், குறையாக இல்லாமல்:
"உக்னே, மணியை நீயே அடிக்கிறாய்.
கதவு திறப்பதற்குள் நீயே ஏறியும்விடுகிறாய்."

அதற்குப் பிறகுதான் எண்ண ஆரம்பித்தேன்.
கேள்வியை வைத்துவிட்டு நாக்கைக் கடித்துக்கொண்டு
ஒன்று, இரண்டு, மூன்று...
ஏழு வரை எண்ணுவது எவ்வளவு நீளம் தெரியுமா?
ஹீட்டர் குழாய் டிக்கென்றது.
பக்கத்து அறையில் யாரோ நாற்காலி இழுத்தார்கள்.
நான்கில் எனக்கு வியர்த்தது.
ஐந்தில் அவர் பென்சிலை எடுத்தார்.

இன்று எழுதியிருக்கிறார்:
அரையும் மூன்றில் ஒன்றும் கூட்டினால்
ஐந்தில் இரண்டு.
சிவப்புப் பேனாவின் மூடி தானாகவே கழன்றுவிட்டது.
திரும்ப மாட்டினேன்.
"இது எங்கிருந்து வந்தது?"

ஆறு எண்ணவில்லை.
"மகள் அவுஷ்ரினே. போன ஞாயிறு ஆட்டம்.
முதல் பாதியில் இரண்டு ஃப்ரீ த்ரோ, ஒன்று விழுந்தது.
அடுத்த பாதியில் மூன்று, ஒன்று விழுந்தது.
எறிந்தது ஐந்து, விழுந்தது இரண்டு.
புள்ளித்தாளிலும் அப்படித்தான் போட்டார்கள்.
இதில் எங்கே தப்பு?"

எங்கே தப்பு?
இந்த முறை நான் எண்ணவில்லை.
இந்த மௌனம் உத்தி அல்ல.
வேறெங்கோ கேட்கப்பட்ட ஒரு கேள்வியின்
பிழையே இல்லாத விடை
வழி தவறி வந்து
என் தாளில் உட்கார்ந்திருக்கிறது.
அடித்திருந்தால்
அந்தப் பெண்ணின் இரண்டு பந்துகளையும் சேர்த்து அடித்திருப்பேன்.

"கறுப்பு ரொட்டி ஒன்று. பாதி உங்களிடம் இருக்கிறது.
இன்னொரு துண்டு தருகிறேன்.
இப்போது பாதியைவிடக் கூடவா, குறைவா?"
"கூட."
"ஐந்தில் இரண்டு?"

குழாய் டிக்கென்றது. இருமுறை.
"பாதிக்கும் கீழே" என்றார்.
"கொடுத்தும் குறைந்துவிட்டதா?"
சிரித்தார்.
பிறகு தாளைப் பார்த்தபடியே:
"கம்பியிலிருந்து கழி நழுவிவிட்டால்
வண்டியைத் தள்ளி என்ன பயன்?
இறங்கிப் பின்னால் போகணும்.
எந்த இடத்தில் விட்டது என்று அண்ணாந்து பார்க்கணும்."
எனக்குச் சொன்னாரா, தனக்கா, தெரியவில்லை.

ரொட்டியைப் பென்சிலால் ஆறாக வெட்டினார்.
மூன்று துண்டு. இரண்டு துண்டு.
ஆறில் ஐந்து.
நான் சபாஷ் சொல்லவில்லை.

கிளம்பும்போது
ஒரு கையுறையை மட்டும் மாட்டிக்கொண்டு நின்றார்.
"சரி, மகளுக்குச் செய்தோமே,
மேலே மேல், கீழே கீழ்,
அதுவும் கூட்டல்தானா?
இல்லையென்றால் அது என்ன?"

தொண்டை வரை ஒரு பெரிய சொல் வந்தது,
ஒன்றும் தெரியாததை மறைக்கிற அளவுக்குப் பெரியது.
விழுங்கினேன்.

அவர் அவசரப்படுத்தவில்லை.
உறை போடாத கையில் விரல்கள்
ஒவ்வொன்றாக மடிந்துகொண்டிருந்தன:
ஒன்று,
இரண்டு,
மூன்று