மூன்று நிமிடம்

துலூத் நகரமன்றத்தில்
பேச எனக்கு மூன்று நிமிடம்.
முதல் நிமிடம்
மைக்கை இறக்குவதிலேயே போயிற்று.

பனி அள்ளும் வண்டி
சாலையைத் துடைத்துப்போகிறது, மறுக்கவில்லை.
அள்ளியதை என் வாசலில் குவித்துவிட்டு
நடைபாதையை அடைத்ததாக
எனக்கே அபராதச் சீட்டு!

உறுப்பினர் லெஹ்டினன் தலையசைக்கிறார்.
ஐந்து வருடமாக அதே தலையசைப்பு;
அதற்கும் என் வரியில்தான் சம்பளம்.
ஏரிக்கரைக்கு நாற்பது புது விளக்கு.
எங்கள் மேட்டுத் தெருவுக்கு
நிலா போதுமாம்.

மணி அடித்தது.
அடுத்துப் பேச வேண்டிய வெர்னா ஸ்காக்
தன்னுடைய நிமிடங்களில் ஒன்றை
என் பக்கம் தள்ளினாள்:
"அவர் முடிக்கட்டும்."

அந்த ஒரு நிமிடத்தில்
என்ன சொல்ல வந்தேன் என்பதே
மறந்துபோனது.

வெளியே இருவருமாக
அவள் காரைத் தோண்டி எடுத்தோம்,
வண்டி மறுபடி வருவதற்குள்.