கட்டளை நிறைவேறியது

இரவு இரண்டு பத்து. வால்டிவியாவில் மழை.
வெகு தெற்கே, புன்ட்டா அரீனாஸ் துறைமுகக் கிடங்கின் பின்னறையில்
பதினேழாம் சர்வர் பேச்சை நிறுத்தியிருந்தது.
நீரிணைப் படகுகளுக்குக் காற்றின் வேகம் சொல்வது அது.
காற்று நிற்கவில்லை,
சொல்வதுதான் நின்றிருந்தது.

அதன் மேலாண்மைச் சில்லு மட்டும் விழித்திருந்தது,
ஐயா ஊரில் இல்லாதபோதும்
இருக்கிறார் இருக்கிறார் என்று
வாசலிலேயே பதில் சொல்லும் காவலாளியைப் போல.
மின்நிலை என்ன என்றேன். இயங்குகிறது என்றது.
திரையைக் காட்டு என்றேன்.
அந்தச் சாளரம் திறக்க
எந்த உலாவியும் இப்போது ஏற்காத
பழைய மென்பொருள் ஒன்று வேண்டுமாம்.

சரி, அணை.
கட்டளை நிறைவேறியது.
ஏற்று.
கட்டளை நிறைவேறியது.
வரைபடத்தில் அதே தட்டைக் கோடு.
மறுபடி அணை, மறுபடி ஏற்று.
மூன்றாம் முறை, கோபத்தில், பலவந்தமாக அணை.
கட்டளை நிறைவேறியது.
இத்தனை பணிவை
நான் யாரிடமும் கண்டதில்லை.

எலேயுத்தேரியோ பர்ரீயாவை எழுப்பினேன்.
அவர் தூங்கவில்லை என்றார், தூங்கிய குரலில்.
டார்ச்சோடு ரேக்கின் முன் நின்றார்.
"மேலிருந்து மூன்றாவது. ஆரஞ்சு விளக்கு."
இப்போது அணைக்கிறேன், பாருங்கள்.
"அது அசையவில்லை, சென்யோரா.
ஆனால் கீழே இருக்கிறதே பத்தொன்பது,
அது மூச்சை விட்டது.
அரை மணியாக விழுவதும் எழுவதுமாக இருக்கிறது.
பாவம், காய்ச்சல் என்று நினைத்தேன்."

பத்தொன்பது:
நண்டு ஆலையின் இரவுப்பணி வருகைப் பதிவு.
விரல் வைத்தால் கதவு திறக்கும்.

பிப்ரவரியில் பலகைகளை மாற்றியவள் நான்.
விமானத்துக்கு நேரமாகிவிட்ட மாலையில்
இரண்டு முகவரிகளையும் தாளில் இடம் மாற்றி எழுதியவளும் நான்.
கையெழுத்து அழகாகத்தான் இருக்கிறது.

பதினேழின் உண்மையான முகவரியைக் கூப்பிட்டேன்.
சில்லுக்கே நினைவில்லை.
இனி ஆள்தான், கைதான்.
பின்னால் போய் இரண்டு மின்வயரையும் பிடுங்குங்கள்,
முப்பது எண்ணுங்கள்.
"இரண்டு, நான்கு, ஆறு, எட்டு..."
ஒவ்வொன்றாக, தோன் எலேயுத்தேரியோ!
உள்ளே மிச்சமிருக்கும் மின்சாரம் வடிய வேண்டும்.
"பண்ணையில் இருபது வருடம் எண்ணியிருக்கிறேன்.
ஆடுகள் வாசலை இரண்டிரண்டாகத்தான் தாண்டும்."
இவை ஆடுகள் இல்லை.
"தெரிகிறது. ஆடு சொன்னால் கேட்கும்."

ஒன்று, இரண்டு...
அவர் எண்ணிக்கைக்குப் பின்னால் தகரக்கூரையின் நடுக்கம்
தொலைபேசியில் கேட்டது.
இருபத்திரண்டில் யாரோ கதவை இடித்தார்கள்.
ஆலையின் மேற்பார்வையாளர் மன்சீயா:
வெளியே காற்றில் முப்பது பெண்கள்
விரலை ஊதி ஊதி வைத்துப் பார்க்கிறார்களாம்.
என்ன சொல்லட்டும் என்று அவர் கேட்டார்.
நான் சொன்னது எனக்கே நினைவில்லை.
எண்ணிக்கை விட்டுப்போனதால்
ஒன்றிலிருந்து மறுபடி தொடங்கினார், முணுமுணுப்போடு.

முப்பது.
வயர்கள் ஏறின.
விசிறிகளின் இரைச்சல்,
மழைக்கு முந்தி மரங்கள் போடும் இரைச்சல் போல.
ஆரஞ்சு, இருள், ஆரஞ்சு,
பச்சை.
கோடு எழுந்தது: மணிக்கு தொண்ணூற்றாறு கிலோமீட்டர்.
படகுகள் கட்டப்பட்டே இருக்கட்டும்.

பதிவேட்டைத் திறந்தேன்.
அன்றிரவின் வரிகளில் ஒன்றுகூடப் பொய் இல்லை.
நிறைவேறியது, நிறைவேறியது, நிறைவேறியது.
தாளில் இரண்டு எண்களையும் அடித்துத் திருத்தினேன்.
படுக்கப் போகும்போது தொலைபேசி.

"சென்யோரா, நடுவில் இருக்கிறதே, மேலிருந்து நான்காவது.
எண் ஒட்டவில்லை. பதினெட்டுதானே?
சூடாக ஓடிக்கொண்டிருக்கிறது."

தாளைப் பார்த்தேன்.
பதினேழு. அடுத்த வரி பத்தொன்பது.
அதைத் தொடாதீர்கள் என்றேன்.