முந்திப் போன கால்

இருபத்தெட்டு வருடமாக
என் இடது கால் மண்ணில் இருக்கிறது.
போர் முடிந்த இரண்டாம் வருடம்
பிளம் பொறுக்கப் போன இடத்தில் கண்ணிவெடி.
அறுத்தெடுத்ததை மாவுச் சாக்கில் சுற்றி
மைத்துனன் நெர்மின்தான் கொண்டுபோனான்.
"என்ன பெயர் எழுத?" என்றானாம் குழிவெட்டி.
செனாஹித் என்று சொல்ல வாய் வரவில்லை,
செனாஹித் இல்லை என்று சொல்லவும்.
வெறும் கல்லை நட்டுவிட்டு வந்தான்.

கடைசி நாளில் வந்து சேர்ந்துகொள்ளும் என்றார் இமாம்.
இல்லாத காலில் வலிப்பது மூளையின் பழக்கம்
என்றார் மருத்துவர்.
ஹஸ்னிஜா ஒன்றும் சொல்லவில்லை.
காலுறைகளை மட்டும் இன்றும்
ஜோடியாகவே துவைத்து மடிக்கிறாள்.

என் கால் என்கிறேன். என் உடம்பு என்கிறேன்.
கூசாமல் என் உயிர் என்றும் சொல்கிறேன்.
மூன்றுக்கும் பட்டா வைத்திருப்பவன்போல் பேசுகிற இந்த ஆள்
எங்கே குடியிருக்கிறான்?

நேற்று ட்ரினா ஆற்றின் மேல் மழை.
இல்லாத கட்டைவிரலில் அரிப்பு,
தாங்கவில்லை.
ஊன்றுகோலோடு மேடேறிப் போய்
அந்தக் கல்லருகே குனிந்து
ஈர மண்ணை நகத்தால் சொறிந்தேன்.

நின்றது.

வெகுநேரம் அங்கேயே இருந்தேன்.
பக்கத்தில் எனக்கென்று விட்ட இடத்தில்
புல் நன்றாக வளர்ந்திருக்கிறது.
மீதி எப்போது என்று அது கேட்கவில்லை.

வீட்டில் கை கழுவப் போனவன்
குழாயடியில் தயங்கி நின்றேன்.
நகக்கண்ணில் இருக்கும் இந்த மண்ணில்
நான் எவ்வளவு?

தண்ணீர் வீணாகிறதென்று
ஹஸ்னிஜா வந்து குழாயை மூடினாள்.