எர்த் கம்பி

நோட்டீஸ் மூன்று பக்கம்.
கடைசிப் பக்கத்தின் முதுகில் கூட்டினேன்:
மாடிக்கு இரண்டாவதாய் ஓர் இரும்புப் படி,
ஒரு லட்சத்து நாற்பது.
பழைய வயரை உருவிப் புதிது இழுக்க அறுபத்தெட்டு.
அறைக்கொரு டிரிப் சுவிட்ச், இருபத்தாறு சொச்சம்.
எர்த் குழி இரண்டு. சிவப்பு சிலிண்டர் நான்கு.
தப்பாக இருக்கும் என்று
அடியிலிருந்து மேலே மறுபடி கூட்டினேன்.
அப்படியும் இரண்டு ஐம்பத்தொன்பது எண்ணூறு.

ஆரம்பாக்கம் ஸ்டேஷனுக்குப் பின்னால்
கீழே ஆறு, மேலே ஆறு, லைன் வீடு.
அறைக்கு மூவாயிரத்து ஐந்நூறு.
வருகிற நாற்பத்திரண்டில் இருபத்தேழை
ஐந்தாம் தேதி வங்கி எடுத்துக்கொள்ளும்.
மிச்சம் மோட்டாருக்கு, செப்டிக் லாரிக்கு,
மகளின் ஹாஸ்டலுக்கு, என் சர்க்கரை மாத்திரைக்கு.
நோட்டீஸ் என்னைக் கட்டட உரிமையாளர் என்கிறது.
உரிமையாளர் யாரென்று வங்கிக்குத் தெரியும்.

"தடாவுல கட்டியிருக்கணும் அண்ணி,
அங்க யாரு கேக்குறா"
என்கிறான் கொழுந்தன் முனிகிருஷ்ணன்.
தடா அடுத்த ஸ்டேஷன்.
அங்கே மட்டும் கரண்ட்
தெலுங்கில் நலம் விசாரித்துவிட்டுப் போய்விடுமா?

சத்தியவேட்டிலிருந்து வயர்மேன் இலியாஸ் வந்தான்.
ஏழாம் நம்பர் சுவரைக் கொத்திவிட்டுக் கூப்பிட்டான்.
சிமெண்டுக்குள் ஒரு சாண் பச்சைக் கம்பி,
நுனி மடித்து,
எதோடும் சேராமல்.
"இது எர்த் இல்லக்கா.
எர்த் மாதிரி."
மற்ற பதினொன்றையும் கொத்தினோம்.
பதினொன்றிலும் எர்த் மாதிரி.

அவரிடம் கேட்டேன்.
டிவியைக் குறைக்காமல் சொன்னார்:
"தளம் போட்ட வாரம். காசு தீர்ந்துபோச்சு.
பாக்குறவனுக்குப் பச்சை தெரிஞ்சா போதும்னு விட்டேன்."
எனக்குக் கோபம் வரவில்லை.
அந்த வாரம்தான் என் வளையலும் போயிருந்தது.

கோபம் வேறொரு இடத்திலிருந்து வந்தது, தாமதமாக.

இரண்டு வருஷம் முன்பு
நைட் ஷிஃப்ட் முடித்த கண்ணோடு
பிஜய் பெஹெரா வந்து நின்றான்.
வால்வு கம்பெனி. ஏழாம் நம்பர்.
கையிலிருந்த தமிழ் அவ்வளவையும் செலவழித்துச் சொன்னான்:
"அக்கா, பைப் கடி."
வாடகை நோட்டிலிருந்து தலை நிமிரவில்லை நான்.
"செருப்பு போட்டுக் குளி."

போட்டுக் குளித்தான்.
அடுத்த அறைக்காரனுக்குச் சொன்னான்.
காலி செய்தவர்கள் சாவியை என்னிடம் கொடுத்தார்கள்,
செருப்பை விட்டுப் போனார்கள்.
வந்தவர்கள் சாவியை வாங்கி
அந்தச் செருப்பில் கால் நுழைத்தார்கள்.
ஒடியாவில், வங்காளத்தில், போஜ்புரியில்
என் ஒற்றை வாக்கியம் அறை அறையாகக் குடிபோனது.
குளியலறை வாசல்களில் பன்னிரண்டு ஜோடி,
நீல ரப்பர், குதிகால் தேய்ந்து.
சுத்தமான பிள்ளைகள் என்று
நான்கு பேரிடம் பெருமையாகச் சொல்லியிருக்கிறேன்.

படி வந்துவிட்டது.
வெல்டிங் நாற்றம் இன்னும் போகவில்லை.
வாளியில் எவனாவது ஹீட்டர் கம்பி போட,
ராத்திரி பதினொன்றுக்கு டிரிப் விழுகிறது.
போன் செய்து திட்டுகிறார்கள்.
விழட்டும்.

அறைக்கு நானூறு ஏற்றினால்
வட்டி சேர்க்காமல் ஐம்பத்து நான்கு மாதம்.
எதற்கு ஏற்றினாய் என்று பிஜய் கேட்பான்.
இனி பைப் கடிக்காது, அதற்கு என்று
எந்த வாயால் சொல்வது?

நேற்று எல்லோரும் ஷிஃப்டுக்குப் போன பிறகு
ஏழாம் நம்பர் குளியலறைக்குப் போனேன்.
செருப்பைக் கழற்றினேன்.
ஈரத்தரையில் வெறுங்கால்.
இலியாஸ் மூன்று முறை சோதித்த குழாய்தான்.
ஆனாலும் கை பாதி வழியில் நின்றது,
நின்றது,
பிறகு திருகினேன்.

தண்ணீர்.
வெறும் தண்ணீர்.

நீலச் செருப்பை வெளியே எறியலாமா என்று பார்த்தேன்.
அது அவனுடையது.
வாசலில் இருந்தபடியே விட்டுவிட்டு வந்தேன்.
நானூறை இன்னும் சொல்லவில்லை.