மல்லி ரேட்டுக்குப் பக்கத்தில்

பேரேட்டில் இடப்பக்கம் பூ.
வலப்பக்கம் நான்.

மாட்டுத்தாவணியில் எந்தக் கமிஷன் கடை என்று சொல்ல மாட்டேன்.
முதலாளிக்குத் தெரிந்தால் வைவார்,
அவர் நோட்டில் என் ரத்தத்தை எழுதுகிறேன் என்று.

தை ஏழு. மல்லி கிலோ இரண்டாயிரத்து அறுநூறு.
பனி, வரத்துக் கம்மி, நாளைக்கு முகூர்த்தம்.
நான் நூற்று எழுபத்திரண்டு, கீழே நூற்று நாலு.
காரணம் எழுதும் இடம் காலி.

பூ ஏறினால் காரணம் எல்லோருக்கும் தெரிகிறது,
டீ கொண்டுவரும் பையனுக்குக்கூட.
இது ஏறியது எனக்கே தெரியவில்லை.
தலை சுற்றவில்லை. நெஞ்சு வலிக்கவில்லை.
அன்றைக்கு நாற்பது மூட்டைக்குச் சீட்டுப் போட்டேன்,
ஒரு கூட்டல் தப்பவில்லை.

"ஒண்ணும் செய்யலைன்னா ஒண்ணும் இல்லைன்னு அர்த்தமில்லக்கா"
என்ற நாகஜோதி சிஸ்டர்
மாத்திரையை எண்ணிக் கொடுத்துவிட்டு
அடுத்த டோக்கனைக் கூப்பிட்டார்.

மருமகன் மிஷின் வாங்கித் தந்தான்.
முதல் வண்டி வருமுன் பட்டையைக் கட்டி
கல்லாப் பெட்டிமேல் கையை நீட்டுவேன்.
நெஞ்சின் உயரத்துக்குச் சரியாக நிற்கும் பெட்டி,
இருபது வருஷத்தில் எனக்கு அது செய்த முதல் உதவி.
முதுகைச் சாய்த்து, பாதத்தைத் தரையில் பதித்து
ஐந்து நிமிஷம் பேசாமல் இருக்க வேண்டும்.
பூ மார்க்கெட்டில்
ஐந்து நிமிஷம் பேசாமல்.
இருந்து பாருங்கள்.

மாசி பன்னிரண்டு, நூற்று அறுபத்தெட்டு:
முந்தின ராத்திரி தம்பி போன்,
செக்கானூரணி இடத்துக்குக் கையெழுத்துக் கேட்டு.
மாசி பதினைந்து, நூற்று அறுபது:
நார்த்தங்காய் ஊறுகாய், அப்பளம் நாலு.
(ஆறு. நாலு என்று எழுதியிருக்கிறேன்.)
மாசி இருபது, நூற்று ஐம்பத்தாறு:
தெரியவில்லை.

பங்குனியில் மல்லி முந்நூறுக்கு விழுந்தது.
நானும் நூற்று இருபத்தாறுக்கு விழுந்தேன்.
சரியாகிவிட்டது என்று மாத்திரையை நிறுத்தினேன்.
ஒன்பதாம் நாள் நூற்று எண்பது.

வரத்து வந்ததால் இறங்கிய விலை அது.
வரத்தை அடைத்தால் ஏறாதா?
இந்தக் கணக்குக்குத்தானே
எனக்குச் சம்பளம் கொடுக்கிறார்கள்.

ஒச்சப்பன் எங்கள் எடைக்காரர்.
தட்டில் விரல் படாமல் நிறுக்கிற ஆள்.
"நமக்கும் ஒரு எடை போடுங்கக்கா" என்று
சிரித்துக்கொண்டே சட்டைக்கையைச் சுருட்டினார்.
நூற்றுத் தொண்ணூற்றெட்டு, நூற்றுப் பதினெட்டு.
உட்கார வைத்து மறுபடி பார்த்தேன்.
நூற்றுத் தொண்ணூற்று நாலு.

"மிஷின் கள்ளத்தராசுக்கா."

தராசைச் சந்தேகப்பட்டால் என்ன செய்ய வேண்டும் என்று
அவருக்கே தெரியும். தெரிந்த கல்லை வைத்துப் பார்ப்பது.
பட்டையை என் கையில் கட்டினேன்.
மூன்று மாசமாகத் தெரிந்த கல்.
நூற்று இருபத்தெட்டு.
அவர் சட்டைக்கையை இறக்கிவிட்டார்.

"இன்னும் ரெண்டு வண்டி இறங்கணும்க்கா."
"வண்டிய நான் இறக்கிக்கிறேன்."

கமிஷன் சீட்டின் பின்பக்கம் எண்ணை எழுதி
பெரியாஸ்பத்திரி என்று கீழே கோடு போட்டுக் கொடுத்தேன்.
பூச்சீட்டுகளை மடிப்பதுபோலவே
நாலாக மடித்துப் பையில் வைத்தார்.
அன்றைக்குப் போகவில்லை.
மறுநாளும் போகவில்லை.
மூன்றாம் நாள் அவர் மகள் வண்டியில் ஏற்றிக்கொண்டு போனாள்.

நோட்டில் இப்போது மூன்று பத்தி.

இன்று விடியற்காலை
கோணிமேல் அவர் உட்கார்ந்திருக்கிறார், கை கல்லாப் பெட்டிமேல்.
நிலக்கோட்டை வண்டி முன்னதாகவே வந்துவிட்டது.
பக்கத்துக் கடைப் பையன்
பிச்சி ரேட்டை நூறு ரூபாய் தப்பாகக் கூவுகிறான்.
ஒச்சப்பனின் உதடு துடிக்கிறது.

விரலை வாயில் வைத்துக் காட்டுகிறேன்.

இன்னும் இரண்டு நிமிஷம்.