துப்புப் பேணி

மூன்று போத்தலையும் சாரத்தில் சுற்றி,
சாரத்தைத் துவாயில் சுற்றி
ஹூஸ்ரனில் இருந்து ஒட்டுசுட்டானுக்குக்
கொண்டுவந்து சேர்த்திருந்தார் தவசீலன்.
சுங்கத்துக்குப் பயப்படவில்லையாம்.
மாங்குளம் தாண்டி பஸ் விழுந்தெழும்பின
பள்ளங்களுக்குத்தான் பயந்தாராம்.

வைகாசி. மத்தியானம் இரண்டு மணி.
எங்கள் சங்கத்தின் போத்தலடைக்கும் கொட்டில்.
கள்ளிறக்கும் ரூபசிங்கம், மூடி இறுக்கும் நிறோஜினி,
கணக்கெழுதும் நான்,
சும்மா வந்து நின்ற மீன்கார அலோசியஸ்:
இந்த நாலு பேருக்கும் அவர் கடை விரித்தார்,
டென்வரில் விரிப்பது போலவே.
வெள்ளைத் துணிக்கு நிறோஜினியின் சோல்.
தட்டில் மாரி பிஸ்கட்.
பக்கத்தில் வெறும் பேணி ஒன்று,
அது எதற்கென்று அப்போது கேட்கவில்லை.

'இது பிரான்சின் தெற்கு. கொர்பியேர்.
கல்லுக்காடு. ஆளைத் தள்ளுற காத்து.
அந்தக் கல்லை நீங்கள் இதில ருசிக்கலாம்.'

அவர் அங்கே முதலில் போனது ருசிக்க இல்லை.
பேப்பர் இல்லாமல் இரண்டு புரட்டாதி
முந்திரிகைக் குலை வெட்டினவர்.
கத்தி பட்ட விரலை வாயில் வைத்தபோது
இரத்தமும் சாறும் சேர்ந்து வந்ததுதான்
அந்த ஊரின் முதல் மிடறு.
அற்லான்ராவில் இதைச் சொல்வதில்லை.
அங்கே சொல்வது வேறு:
'விலை குறைவு, குணம் பெரிசு.
வடக்கின்ர பெரிய பேருகளுக்குப் பக்கத்தில
தெற்கை வெக்கப்படாமல் வையுங்கோ.'

ரூபசிங்கம் நிமிர்ந்தார்.
'அங்கயும் வடக்குத் தெற்குப் பிரச்சினையோ?'

பிளேன்ரீ கிளாசில் ஊற்றிச்
சுழற்றச் சொன்னார். மணக்கச் சொன்னார்.
இரும்பு, என்றான் அலோசியஸ்.
நாவற்பழம் சப்பின நாக்கு, என்றாள் நிறோஜினி.
காடியாகப் பாத்திட்டு
யோசிச்சு நிண்ட கள்ளு, என்றார் ரூபசிங்கம்.
எனக்குப் புது ரப்பர் செருப்பு மணந்தது.
சொல்லவில்லை.

எல்லாவற்றையும் கொப்பியில் எழுதினார்.
நாவற்பழத்தை மட்டும் வெட்டினார்:
'சிக்காகோவில நாவல் ஆருக்குத் தெரியும்?
அவை சொல்லுற பழம் உங்களுக்குத் தெரியாது.
ஆனா நாக்கு நிறம் மாறுறது ஒண்டுதான்.'

பிறகு ஒரு வாய் எடுத்தார்,
கன்னத்துக்குக் கன்னம் உருட்டினார்,
பேணிக்குள் துப்பினார்.

ஒருவரும் கதைக்கவில்லை.
'ஒரு நாளைக்கு அறுபது வாய்,' என்றார்,
'விழுங்கினா ஆர் கார் ஓட்டுறது?'
'அறுபது அடி ஏறி இறக்கினதையும்
இப்பிடித்தான் துப்புவியளோ?'
பிளாவை நீட்டினார் ரூபசிங்கம்.

தவசீலன் அதையும் மணந்தார்.
வெளிச்சத்துக்குப் பிடிக்கப் பார்த்தார்,
ஓலைக்குள்ளால் வெளிச்சம் வரவில்லை.
'எந்த மண்?'
'அரிசி ஆலைக்குப் பின்னால. பதினொரு பனை.
போன வருசம்தான் கண்ணிவெடிக்காரர்
கம்பி கழட்டிக் குடுத்தவை.
ரெண்டு பனையில செல் துண்டு இருக்கு.
அதுகளிலதான் எறும்பு கூட ஏறும்.'

பேனை கொப்பிக்கு மேலே நின்றது.
அந்த ஒரு வசனம் போதும் டென்வரில்,
போத்தலின் விலை மூன்று மடங்கு.
அவருக்கும் தெரிந்தது. எனக்கும்.
கனடாவுக்குப் போகிற பெட்டிகளின் லேபலில்
'விபரம்' என்ற கட்டத்தை
மூன்று மாதமாக வெறுமையாக விட்டிருக்கிறவள் நான்.

'எறும்பை எழுதலாம்,' என்றேன்.

பேனையை மூடினார்.
பிளாவை இரண்டு கையாலும் பிடித்து
இழுத்துக் குடித்தார்,
வண்டொன்று மிதந்ததைக்கூடப் பார்க்காமல்.

அலோசியஸ் போத்தலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தான்.
'என்ன விலை அண்ணை?'
'பதினாலு டொலர்.'
போனை எடுத்துப் பெருக்கினான்.
திரும்பப் பெருக்கினான்.
பிறகு பேணியைச் சரித்து உள்ளே பார்த்தான்:
'அப்ப இதுக்குள்ள எவ்வளவு கிடக்கு?'